அரிசி டிரம்மில் ஒரு வாத்து

மே 8

இந்த டைரி டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. இன்று காலையில் பூங்கொடி அதைத் தூசு தட்டி என் கையில் திணித்தாள்.

"ஏனுங்க, வாயில வர்றதையெல்லாம் இதுல எழுதுங்க. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க."

"ஏழாங்கிளாஸ் ஃபெயிலான ஆளை டைரி எழுதச் சொல்றியே புள்ள."

"பேசறதுக்கு எத்தனாங்கிளாஸ் படிச்சீங்க? அதே போதும்."

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூர் கணபதியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கோடை லீவு என்பதால் வேன் வாசலில் சும்மா நிற்கிறது, நான் வீட்டுக்குள் சும்மா நிற்கிறேன். வேனால் தொந்தரவில்லை என்கிறாள்.

பூங்கொடி என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் டிகிரி வாங்கியவள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பல வருஷம் மில்லில் பில் போட்டாள். போன தீபாவளியோடு மில்லை மூடிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பில் போடப் போகமாட்டேன் என்று காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருக்கிறாள். பேக்எண்ட் இன்ஜினியர் படிப்பாம். நாற்பத்தொரு வயதில். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காததுமான பிள்ளைகள்.

சென்டர்காரர்களே மூன்று தடவை கம்பெனி இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள். மூன்றிலும் எடுக்கவில்லை என்றால் பெயரை லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

"தூக்கட்டும், நாமளே தேடிக்கலாம்" என்றேன்.

"நாப்பத்தொரு வயசுல நானாப் போயிக் கதவைத் தட்டுனா எவனுங்க தொறப்பான்? இந்த மூணுதான்."

அவள் அப்படிச் சொன்னபோது நான் சிரிக்க வைக்கத்தான் பார்த்தேன். சரியாக வரவில்லை.

மே 15

பேக்எண்ட் என்றால் என்ன என்று கேட்டேன். பேசக்கூடாதுதான், ஆனால் பாடத்தில் சந்தேகம் கேட்டால் திட்ட மாட்டாள்.

"செல்லுல பஸ் டிக்கெட் போடறீங்க. பச்சைப் பட்டனை அமுக்கறீங்க. பட்டன் முன்னாடி இருக்கறது. அமுக்குனதும் சீட்டு இருக்குதா, பணம் வந்துச்சான்னு பாத்துப் பதில் சொல்றது பின்னாடி நடக்கறது. அதை எழுதறதுதான் எங்க வேலை."

"அப்ப நீங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது."

"ஒழுங்கா ஓடுனாத் தெரியாது. நின்னு போச்சுன்னாத்தான் தேடுவாங்க."

கியர்பாக்ஸ். புரிந்துவிட்டது.

மே 23

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சென்டரில் பாடம் எடுக்கும் அருள் சார், எழுதியதை வரிவரியாக யாருக்காவது சத்தமாக விளக்கிச் சொல்லுங்கள், எங்கே தப்பு என்று தானாகத் தெரியும் என்று சொன்னாராம். பூங்கொடி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நான்தான் இருந்தேன்.

அவள் மேஜை சுவரோரம். அந்த அறையில் மேஜைக்கு இடது பக்கம் அரிசி டிரம் வைக்க மட்டும்தான் இடம். டிரம் மேல் தலையணை போட்டு உட்கார்ந்தேன். பேசக்கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும்.

"புரியலைன்னா?"

"புரியலைன்னாலும் ஆட்டுங்க."

ஆட்டினேன். கால் மணி நேரம் இங்கிலீஷும் தமிழுமாக என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நின்று, "அட, இங்கதான் தப்பு பண்ணிருக்கறேன்" என்று திரும்பிக்கொண்டாள். நான் ஒன்றுமே செய்யவில்லை. கூலியாக ஒரு காபி கிடைத்தது. மில்லில் இப்படி ஒரு வேலை இருந்திருந்தால் மூடியே இருக்க மாட்டார்கள்.

ஜூன் 14

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. திறந்ததும் சண்டை.

வேனில் ஒரு சீட்தான் பாக்கி இருந்தது. காலையில் விளாங்குறிச்சி அம்மா ஒருத்தர் போன் செய்தார், சீட் இருக்கிறது என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அம்மா வேன் பக்கத்தில் வந்து கேட்டார். அவரிடமும் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். டிரம் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து தலை தானாக ஆடுகிறது. இரண்டு பிள்ளைகளும் பையோடு வந்து நின்றன. ஒன்று மற்றதின் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனது. சாயங்காலம் இரண்டு தாய்மார்களும் சேர்ந்து என்னை ஒரு பிடி பிடித்தார்கள். காலையில் அவர்களுக்குள் சண்டை. சாயங்காலம் ஒரே கட்சி.

பூங்கொடிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

"இது எங்க பாடத்துலயே இருக்குதுங்க. ஒருத்தர் கேக்கறப்பவே அந்தச் சீட்டைப் பூட்டிரோணும். அவங்க வேணும் வேண்டாம்னு சொல்றவரைக்கும் அடுத்தவங்களுக்குப் பதில் சொல்லக்கூடாது."

"தாய்மார்களைக் காக்க வெச்சா என்னைப் பூட்டிருவாங்க."

இன்னொரு வேன்காரரிடம் பேசி ஒரு பிள்ளையை அங்கே மாற்றிவிட்டேன்.

ஜூலை 11

காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் டிரம் வேலை. இன்றைக்கு கேஷ் என்று ஒரு பாடம். அடிக்கடி கேட்கிற பொருளை ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் தேடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாம்.

"அப்ப நான் கேஷா?"

"நீங்க வெறும் தலையாட்டி. பேசாதீங்கன்னு சொன்னனல்ல."

ஆகஸ்ட் 9

முதல் இன்டர்வியூ. கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுவது. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டயருக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, வேனைத் தெருமுனையில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனுங்க. ஒண்ணுகூட விடல."

நான்கு பஜ்ஜி தின்றேன். இரண்டு கூட.

ஆகஸ்ட் 14

எடுக்கவில்லை.

"இன்னும் சின்ன வயசுக்காரங்களா வேணுமாமுங்க."

"என்ற வேன்ல எல்கேஜி பசங்க நாலு பேரு இருக்கறாங்க, அனுப்பி விடட்டுமா?"

சிரித்தாள். பிறகு குளிக்கப் போனாள். காலையில்தான் குளித்திருந்தாள். குழாய் வெகுநேரம் ஓடியது. தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று சொல்ல எழுந்தேன். சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

சாயங்காலம் பூங்கொடியைக் கூட்டிவரக் காந்திபுரம் போனேன். அவள் வரும் முன்னே ஒரு ஒல்லிப் பையன் வேன் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். அவன்தான் அருள் சார். சார் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வேனில் ஏறினால் அரை டிக்கெட்தான்.

"சார், நீங்கதான் அந்த வாத்தா?"

"எந்த வாத்து தம்பி?"

வெளிநாட்டில் புரோகிராம் எழுதுகிறவர்கள் மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்து வைத்துக்கொண்டு அதனிடம் விளக்கிச் சொல்வார்களாம். தப்பு தானாகத் தெரியுமாம். வகுப்பில் இதைச் சொன்னபோது பூங்கொடி எழுந்து, "எங்க வீட்டுல மீசை வெச்ச வாத்து ஒண்ணு இருக்குதுங்க சார்" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். நானும் சிரித்தேன்.

"ஆனாப் பாருங்க, அன்னிக்கு இன்டர்வியூல அதுவே வெனையாப் போயிருச்சு. அக்கா பதிலெல்லாம் கரெக்ட்டு. ஆனா கண்ணு மட்டும் இடது பக்கமே போயிட்டு இருந்துச்சாம். பக்கத்துல யாரோ உக்காந்து சொல்லிக் குடுக்கறாங்கன்னு நெனச்சு வேண்டாம்னுட்டாங்க. அக்கா சொல்லலீங்களா?"

"சொன்னா, சொன்னா" என்றேன்.

அன்றைக்கு நான் தெருமுனையில் இருந்தேன். டிரம் மேல் தலையணைதான் இருந்தது. மூன்று மாதப் பழக்கத்தில் அதைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

பூங்கொடி வந்து ஏறினாள். "அருள் சார் என்னமோ பேசிட்டு இருந்தாரே?"

"டீசல் ரொம்ப ஏறிப்போச்சுன்னு வருத்தப்பட்டாரு."

ஆகஸ்ட் 23

டவுன்ஹால் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே ஒரு மஞ்சள் வாத்து வாங்கினேன். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது மிதக்க விடுவது. அமுக்கினால் கீச் என்கிறது. லேப்டாப் மூடியின் உச்சியில், நடுவில், டேப் போட்டு ஒட்டினேன். அதைப் பார்த்துப் பேசினால் கண் நேராக இருக்கும்.

"என்னங்க இது?"

"வாத்து. முட்டை போடாது, தீனி கேக்காது."

வாத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அருள் சார் சொல்லிட்டாரா?"

"எந்த அருள்?"

வாத்தை ஒரு தடவை அமுக்கினாள். கீச். 

டிரம்மைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டேன். அரிசி எடுக்க அதுதான் வசதி.

செப்டம்பர் 2

மத்தியானங்களில் இப்போது நேரம் நிறைய. வேனை வாரத்துக்கு நான்கு தடவை கழுவுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் விற்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்.

"ஏனுங்க, இப்பெல்லாம் வந்து உக்கார்றதே இல்ல?" என்றாள்.

"முதுகு வலி."

வாத்துக்குத் தலையாட்டத் தெரியாது. காபி குடிக்காது. அவள் பாதியில் நிறுத்தி "அட" என்றால் கீச் என்றுகூடத் தானாகச் சொல்லாது. சும்மா எழுதுகிறேன். எனக்கு அதன்மேல் ஒன்றும் கோபமில்லை.

செப்டம்பர் 12

இரண்டாவது இன்டர்வியூ. பெங்களூர் கம்பெனி, ஆனால் இங்கே சரவணம்பட்டியிலேயே ஆபீஸ் எடுத்து நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேனிலேயே கொண்டுபோய் விட்டேன். முன்னால் பள்ளி வாகனம் என்று போர்டு. கேட்டில் நின்ற செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பசங்க எங்கீங்க?" என்றார். "ஒரே பொண்ணுதான், பின்னாடி உக்காந்திருக்குது" என்றேன். பூங்கொடி பட்டுப்புடவையில் இறங்கினாள்.

நான்கு மணி நேரம். மாலை டிரிப்புக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு நின்றிருந்தேன். வெளியே வரும்போது நடையிலேயே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 13

சாம்பாரில் உப்பில்லை. அவளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21

ஒரு வாரமாக அவள் மேஜைப் பக்கமே போகவில்லை. அலமாரியை ஒழித்தாள், பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தாள். பல்லடத்தில் ஒரு கம்பெனியில் பில் போட ஆள் தேவையாம் என்று இன்று சாதாரணமாகச் சொன்னாள். நானும் சாதாரணமாகச் சொன்னேன்:

"அங்க எப்பிடிப் போவ? என்ற வேன் அந்தப் பக்கம் போகாது."

"பஸ்ல போவேன்."

"பஸ் டிக்கெட் செல்லுலதான் போடோணும். பச்சைப் பட்டனை அமுக்குவ. பின்னாடி எவளோ ஒருத்தி எழுதி வெச்சிருப்பா, அவதான் உனக்குப் பதில் சொல்லுவா. பரவால்லியா?"

"பல்லடம் பஸ்ஸுல கண்டக்டருதானுங்க டிக்கெட் குடுப்பாரு."

தோற்றுப்போனேன். ஆனால் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22

மத்தியானம் வேன் கழுவிக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து குரல். "ஏனுங்க, இந்த வாத்து சரியாக் கேக்க மாட்டேங்குது. வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். டிரம் இல்லை. அவள் மேஜையையே சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் போட்டிருந்தாள். லேப்டாப்புக்குப் பின்னால், வாத்துக்கு நேர் பின்னால் ஒரு ஸ்டூல்.

"அங்க உக்காருங்க. அப்பக் கண்ணு நேராத்தான் இருக்கும்."

உட்கார்ந்தேன். திரை எனக்குத் தெரியாது. வாத்தின் பின்மண்டையும் அதற்கு மேலே அவள் முகமும்தான். இத்தனை நாளும் பக்கவாட்டில் இருந்தே பார்த்த முகம். நேரே பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட ஹோமப் புகையில் சரியாகத் தெரியவில்லை.

தலையாட்டினேன். முதுகு வலி எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. வேனுக்கு மாலை, வாழைக்கன்று, நாலு டயருக்கும் எலுமிச்சை. பூசணிக்காய் உடைத்தேன். வீட்டில் பூங்கொடி சுண்டலும் பொரியும் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கப் போனாள். பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்பேனர், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் வைத்தேன். கடைசியில் லேப்டாப். நாளை மறுநாள் மூன்றாவது இன்டர்வியூ. அதற்குக் கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும். மூடியில் வைத்தால் கை பட்டு அழிந்துவிடும் என்று திறந்து, உள்ளே மேல்பக்கம் நட்டநடுவில் கண் மாதிரிச் சின்னதாக ஒரு வட்டம் இருக்கிறதே, அதன்மேல் கெட்டியாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் வைத்தேன். நெற்றி என்றால் அதுதான் சரியான இடம். வாத்துக்கும் ஒன்று.

நாளைக் காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது. அவளையும் படிக்காதே என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் முழுக்கச் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். டைரிக்கு லீவு விட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 25

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை டிரிப் முடித்து வந்து, இன்டர்வியூ தொடங்கும் முன்னே வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். தெருமுனைக்குப் போகவில்லை. உள்ளே ஒரு அம்மாவின் குரல் கேட்டது. சென்னைப் பேச்சு. சென்னைக் கம்பெனிதான், ஆனால் சரவணம்பட்டியில், பெங்களூர்க்காரர்கள் கூப்பிட்ட அதே கட்டடத்தில், இவர்களுக்கும் ஒரு ஆபீஸ் உண்டாம்.

"பூங்கொடி, உங்க குரல் கேக்குது. ஆனா வீடியோ ஃபுல்லா மஞ்சளா இருக்கே. கேமரா மேல ஏதாவது மூடி வெச்சிருக்கீங்களா? முகம் தெரியாம நாங்க எடுக்க முடியாதுங்க."

"இல்லீங்க மேடம், ஒண்ணும் மூடலீங்க." பட்டன் பட்டனாகத் தட்டுகிற சத்தம். பிறகு, "ஏனுங்க."

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் அப்படி ஒரு "ஏனுங்க" எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. ஓடினேன். நேற்று முழுக்க அந்தச் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டேதான் படித்திருக்கிறாள், பொட்டு என்று விட்டுவிட்டாள். அதற்குக் கீழேதான் கேமரா என்று எனக்குத் தெரியாது, அவளுக்குப் பதற்றத்தில் தோன்றவில்லை.

துண்டு நுனியை நனைத்துக் குனிந்து துடைத்தேன். மஞ்சள் விலகியதும் திரை முழுக்க ஒரு பெரிய மீசை. என்னுடையதுதான். அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் ஒரு இளவட்டமும்.

"வணக்கமுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

"யாருங்க இவரு?"

பூங்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ற வீட்டுக்காரருங்க மேடம். ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு வெச்சுட்டாரு."

இளவட்டத்தின் படம் சட்டென்று மறைந்தது. சிரிக்கப் போயிருக்கிறான். அந்த அம்மா சிரிக்காமல்தான் சொன்னார். "எங்க ஆபீஸ்ல சர்வருக்கே வெச்சிருக்காங்க. அது ஓடிட்டுதான் இருக்கு. சரி, வேற யாரும் ரூம்ல இருக்கக்கூடாது. ஒரு தடவை சுத்திக் காட்டிட்டு ஆரம்பிக்கலாம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். முதல் தடவை இல்லாமலே கெடுத்தேன். இந்தத் தடவை நேரிலேயே போய்க் கெடுத்துவிட்டேன் என்றுதான் இருந்தது. வேனுக்குப் போட்ட மாலை வாடிக் கிடந்தது. அதைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

பாதிக்கு மேல் இங்கிலீஷ். புரியவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த அம்மா தமிழில் கேட்டார்: கடைசி சீட் ஒன்றுதான், இரண்டு பேர் ஒரே நொடியில் புக் செய்கிறார்கள், என்ன ஆகும், என்ன செய்வீர்கள்.

 எனக்குப் பதில் தெரியும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. தெரியாது, எனக்குச் சண்டைதான் தெரியும்.

"மேடம், என்ற வீட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டறாருங்க" என்று ஆரம்பித்தாள். "ஜூன் மாசம் ஒரே சீட்டை ரெண்டு அம்மாவுக்குக் குடுத்துட்டாரு. ஒரு குழந்தை இன்னொண்ணு மடியில உக்காந்து போச்சு. அவரு எங்க தப்பு பண்ணாருன்னு சொல்றேன், அதுல இருந்தே சொன்னா எனக்கு வருமுங்க."

போச்சு, என் மானம் சென்னை வரைக்கும் போனது. போகட்டும். அவள் சொல்லிக்கொண்டே போனாள். போன், தலையாட்டல், பூட்டு, பிறகு முழுக்க இங்கிலீஷ். நிற்கவே இல்லை. ஜன்னல் வழியாக லேசாக எட்டிப் பார்த்தேன். கண் நேராக இருந்தது.

அக்டோபர் 31

பதில் இல்லை. வேன் சுத்தமாக இருக்கிறது.

நவம்பர் 3

பூங்கொடி கிரைண்டரில் மாவு அள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. செல் கீச் என்றது. வாத்து சத்தத்தையே அதில் வைத்திருக்கிறாள்.

"யாருன்னு பாருங்க."

"இங்கிலீஷுங்க மேடம்."

"எழுத்து எழுத்தாப் படிங்க."

டிரம் மேல் உட்கார்ந்து, தூரமாகப் பிடித்துக்கொண்டு படித்தேன். "சி. ஓ. என். ஜி. ஆர். ஏ."

"போதும்" என்றாள்.

"இன்னும் நெறைய இருக்குது புள்ள."

"போதுமுங்க." மாவுக் கையோடு அப்படியே நின்றாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் எழுந்து அணைத்தேன். என் சட்டை முதுகில் ஐந்து விரல் மாவு. தோய்க்கப் போடவில்லை.

நவம்பர் 8

செப்டம்பரில் வேண்டாம் என்ற கம்பெனி இன்று கூப்பிட்டது. எடுத்த ஆள் வரவில்லையாம், நீங்கள் வருகிறீர்களா, ஆனால் பெங்களூரில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். சம்பளமும் கூடவாம்.

"என்னங்க சொல்றீங்க?"

"போ. நல்ல ஊரு, வேர்க்காது. நான் வாத்தை வெச்சுக்கறேன்" என்றேன். பிறகு வேன் கழுவப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது.

குடையோடு வந்து நின்றாள். "மழையில வேன் கழுவற ஆளை விட்டுட்டு எப்படிப் போறது. இங்க சரவணம்பட்டி ஆபீஸ்லயே சேந்துக்கறேன்னு அந்தச் சென்னை மேடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன்."

"எதுக்கு? அவங்கதான் கம்மியாக் குடுக்கறாங்களே."

"அவங்க என்ற முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் என்னை எடுத்தாங்க. தைரியசாலிங்க."

நவம்பர் 20

முதல் நாள். பிள்ளைகளை விட்டுவிட்டு அவளைக் கொண்டுபோய் விட்டேன். போர்டைத் துணி போட்டு மூடச் சொன்னாள். மூடினேன். கேட் பக்கம் போனதும் எடுத்துவிட்டேன். அதே செக்யூரிட்டி இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரில் லேப்டாப் இருந்தது, வாத்தைக் காணோம். மேஜைக்கடியில், அலமாரியில், டிரம்முக்குள்கூடத் தேடினேன். வெறும் டேப் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் பொம்மைக்காக இத்தனை தேடலா என்று என்னை நானே திட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். வீடு ரொம்ப ஒழுங்காக இருந்தது.

பிறகு செல்லில் ஒரு படம் வந்தது. பெரிய ஆபீஸ், அவள் மேஜை, இரண்டு திரை. நடுவில் வாத்து. அதன் அலகுக்கு மேல் கறுப்புப் பேனாவில் பெரிய மீசை.

கீழே எழுதியிருந்தாள்: "இது தலையாட்ட மாட்டேங்குது. சாயங்காலம் வந்து மொதல்ல இருந்து சொல்றேன். நீங்களும் பேசலாம்."

மீசையை இடது பக்கம் கோணலாகப் போட்டிருக்கிறாள். என் மீசை அப்படியா இருக்கிறது? அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். டைரியைத் திரும்ப ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஐந்து மணிக்கே வேனை எடுக்கப் போகிறேன். அவளுக்கு ஆறு மணிக்குத்தான் முடியும்.